எர்த்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் குரலுக்குப் பின்னால் ஒரு கொசு எழுந்தது. காலை எடுத்தால் தணிந்தது. ஏரிக்கரையிலிருந்து மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது அந்தக் கொசு ஊசியாகி மெய்யெழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தின்றது. உயிரெழுத்துக்கள் மட்டும் மிதந்து வந்தன. இறந்துபோன ஒரு கவிஞர் தன் கவிதைகளைப் படிக்கிறார். எனக்குக் கேட்பது ஆ, ஓ, ஈ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி முகத்தைத் திருப்பாமல், "வேகமாப் போனா அவர் பேசறது புரியாது தம்பி" என்றார். நிறுத்தினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை கொசு இருந்தது, தாழ்ந்த சுருதியில். எஞ்சினை அணைத்தால் போய்விடும். ஆனால் அந்தக் காரின் பாட்டரிக்கு உயிர் அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் குரல் தடித்து, இழுபட்டு, குடிகாரன் குரலாகி நின்றுவிடும். பிறகு வண்டியைச் சரிவில் தள்ளித்தான் கிளப்பவேண்டும். ஏற்காட்டில் சரிவுக்குப் பஞ்சமில்லை என்பது ஒரு சௌகரியம்.

ஸார் 1997இல் தன் வீட்டுக் கூடத்தில் நாலைந்து நண்பர்களுக்குக் கவிதைகள் படித்தது அந்தக் காஸெட்டில் பதிவாகியிருக்கிறது. அவருடைய குரல் வேறெங்கும் இல்லை. பதிவு செய்த டூ-இன்-ஒன் அலமாரியில் இருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. காஸெட்டைச் சேலத்துக்கு எடுத்துப்போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றி மறுநாளே திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன். காஸெட் வீட்டை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டார் அம்மா. மிச்சமிருந்தது ஷெட்டில் நின்ற 1995 மாடல் மாருதி 800. அதில் பின்னால் வாங்கி மாட்டிய ஒரு காஸெட் ஸ்டீரியோ எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. புது பாட்டரி ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் எஞ்சினுக்கு வேலையில்லை, இந்தக் கட்டுரைக்கும் வேலையில்லை. சொல்லிப் பார்த்தேன். "விக்கப்போற வண்டிக்குப் பாட்டரியா?" என்றார். தவிரவும், ஸார் அதை ஓட்டிக்கொண்டேதான் கேட்பாராம். தன் கவிதையைத் தானே காரில் போட்டுக் கேட்கிற ஒரு கவிஞரை நான் அதுவரை அறிந்ததில்லை.

நான் அங்கே போனது ஒரு கடனுக்காக. ஸார் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவர். 1991இல் ஒன்றும் 1999இல் ஒன்றுமாக இரண்டு மெல்லிய தொகுப்புகள். இரண்டையும் சேர்த்து 2013இல் ஒரே புத்தகமாகப் போட்டபோது, ஒன்பது இதழ்களோடு நின்றுபோன ஒரு பத்திரிகையில் நான் மதிப்புரை எழுதினேன். எனக்கு இருபத்தைந்து வயது. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ.வும், வங்கியில் ஒரு கவுன்டரும், உலகத்தில் யாரையும் மன்னிக்காத ஒரு வாக்கிய நடையும் கையிலிருந்தன. மதிப்புரையின் சாரம் ஒரே வரிதான்: இவருடைய கவிதைகளில் மண் இல்லை.

அதற்கு அத்தாட்சியாக ஒரு கவிதையை எடுத்துக்கொண்டேன். வீட்டின் பின்புறத்தில் ஒருவன் தினமும் சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணீரை ஒரு குழியில் ஊற்றுகிறான். குழியில் செடி கிடையாது. கரி இருக்கிறது, உப்பு இருக்கிறது, நடுவில் தண்ணீர் வராத ஒரு குழாய் இருக்கிறது. அவன் ஊற்றிவிட்டு உள்ளே போகிறான். கவிதை அவ்வளவுதான், கடைசியில் ஒட்டவைத்த மூன்று வரிகளைத் தவிர. நான் என்ன எழுதினேன்? கரி சுடுகாடு. உப்பு மலட்டுத்தன்மை. வறண்ட குழாய் எதுவென்று சொல்லவேண்டியதில்லை. எல்லாம் எலியட்டின் 1922ஆம் வருஷத்துப் பாழ்நிலத்திலிருந்து பார்சலில் வந்தவை. காவிரிக்கரையில் பிறந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் வாழ்கிற ஒருவருக்கு எங்கிருந்து வந்தது இந்த வறட்சி? "நடப்படாத செடிக்கு ஊற்றப்படும் இரவல் தண்ணீர்" என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு நண்பர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

ஸாரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மதிப்புரை பார்த்ததாகவும், ஒருமுறை ஏற்காட்டுக்கு வரும்படியும் எழுதியிருந்தார். மார்ச்சில் வந்தால் நல்லது என்றும் இருந்தது. மார்ச்சில் கோடை மழை ஒன்று விழுந்தால் காப்பி பூக்கும். அதைக் காட்டத்தான் கூப்பிடுகிறார், தோட்டத்தைக் காட்டி மண்ணை நிரூபிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வங்கிக்காரனுக்கு மார்ச் வருஷக் கணக்கு முடிக்கிற மாதம். அந்த மார்ச்சில் போகவில்லை, அடுத்ததிலும் போகவில்லை. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. 2021இல் அவர் இறந்துபோனார்.

அவரைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டபோதுதான், சென்ற ஏப்ரலில், கணக்கு முடித்த கையோடு மேலே போனேன். அம்மாவுக்கு நான் யார் என்பது தெரிந்திருந்தது. மதிப்புரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றித் திறந்தார். வயதானவர்களுக்கு இப்படிப் பல பழக்கங்கள் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொசுவுக்குத் திரும்புகிறேன். அது என்ன என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடலாம். காரின் ஆல்டர்னேட்டர் தருவது மூன்று ஃபேஸ் மாறு மின்சாரம். டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. திருப்பினாலும் முழுக்கச் சமனாவதில்லை, மேலே ஒரு சிற்றலை நிற்கிறது. ஆறு ஜோடி துருவங்கள் உள்ள, எஞ்சினைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழல்கிற ஆல்டர்னேட்டர் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றும்போது அந்த அலை வினாடிக்கு 960 தடவை. மேட்டில் 3000 சுற்று போனால் 3600. தொலைபேசிக் கம்பியில் மனிதக் குரலுக்கென்று ஒதுக்கிய இடம் 300 முதல் 3400 வரைதான். ஆகவே கொசு உட்காருகிற இடம் சரியாகப் பேச்சின் மேல். மேட்டில் ஏற ஏற, மெய்யெழுத்தை மெய்யெழுத்தாக்குகிற அந்த மேல் பகுதியின் மேல். இவ்வளவு சிறிய அலை ஸ்பீக்கர் வரைக்கும் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒண்டிக்கடைப் பக்கம் விசாரித்து ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். வீட்டு வயரிங்கும் செய்வான், வண்டியும் பார்ப்பான். ஸ்டீரியோவை டாஷ்போர்டிலிருந்து வெளியே இழுத்ததும், "யாருண்ணா இது மாட்டுனது?" என்றான். பின்னால் தொங்கிய வயர்கள் எல்லாமே சிவப்பு. விடாமல் இருக்கும் 12 வோல்ட்டுக்கு மஞ்சள், சாவி போட்டால் வருவதற்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். இங்கே மாட்டியவர் கையிலிருந்த ஒரே சுருளில் காரியத்தை முடித்திருந்தார். பெட்டியிலிருந்து வருகிற கறுப்பு மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு. அதற்குமேல் அதுவும் சிவப்பாகிவிட்டது. முறுக்கிச் சுற்றிய இன்சுலேஷன் டேப் பசை கசிந்து கையில் ஒட்டியது. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஸார் சிகரெட் பிடிக்காதவர் என்று அம்மா உடனே சொன்னார்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொன்னான். மல்டிமீட்டரின் ஒரு முனை பாட்டரியின் நெகட்டிவில், மற்றது ஸ்டீரியோவின் தகரத்தில். 0.6 வோல்ட். "பூஜ்யம் வரணும்ணா. மிஞ்சிப்போனா பாயிண்ட் ஒண்ணு." பிறகு எர்த் வயரைத் தேடிக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். பெயின்ட்டுக்கு மேலேயே ஒரு ஸ்க்ரூவை முறுக்கி அதில் மாட்டியிருந்திருக்கிறார்கள். ஏற்காட்டுப் பனி அந்த ஸ்க்ரூவை முப்பது வருஷமாகத் தின்றிருக்கிறது. தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது.

ஸ்டீரியோ நிற்கவில்லை. ஸார் படித்துக்கொண்டே இருந்தார், கொசுவோடு.

எனக்கு இது புரியவில்லை. பாஸிட்டிவில் போகிற மின்சாரம் நெகட்டிவில் திரும்பினால்தான் எதுவும் ஓடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். திரும்புகிற வயர் இவன் கையில் இருக்கிறது. அவன் சிரித்தான். "அண்ணா, இப்ப பாருங்க" என்று ஸ்டீரியோவின் முதுகில் செருகியிருந்த ஏரியல் ப்ளக்கைப் பிடுங்கினான். ஸார் பாதி வார்த்தையில் நின்றார்.

ஏரியல் கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றி ஒரு வலை இருக்கிறது. இரைச்சலைத் தடுக்கப் போட்ட வலை. அதன் ஒரு முனை ஸ்டீரியோவின் தகரத்தில், மறு முனை ஏரியல் நிற்கிற மட்கார்டில். எர்த் வயர் எந்த வருஷம் செத்ததோ, அன்றிலிருந்து ஸ்டீரியோவின் மொத்த மின்சாரமும் தலைமுடி போன்ற அந்த வலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. "இத்தன வருசமா எர்த்து ஏரியல் வழியாதாண்ணா" என்றான். ஆகாயத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கம்பி. சாந்தினிச் சவுக்கிலோ சிங்கப்பூரிலோ செய்த ஒரு பெட்டிக்கு அது மண்ணாக இருந்திருக்கிறது.

ஆனால் கொசுவுக்கு அது பாதிக் காரணம்தான். மீதி கதவுகளில் இருந்தது. ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் போகவேண்டும்; மாட்டியவர் ஒன்றுதான் இழுத்திருந்தார். நெகட்டிவை அந்தந்தக் கதவிலேயே பாடியில் முறுக்கிவிட்டார், வயர் மிச்சம். இதனால் ஸ்டீரியோவுக்கு எர்த் ஒரு இடம், ஸ்பீக்கருக்கு எர்த் இன்னொரு இடம். இரண்டும் ஒரே தகரம்தானே என்று கேட்டேன். ஹெட்லைட்டும் வைப்பரும் இக்னிஷனும் திருப்பி அனுப்புகிற மின்சாரமெல்லாம் அந்தத் தகரத்தில்தான் ஓடுகிறது. ஆல்டர்னேட்டரின் சிற்றலையும் அதில்தான் ஓடுகிறது. துருவும் தளர்ந்த போல்ட்டும் உள்ள இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் விழுகிறது. ஏரியல் வலையில் இன்னும் கொஞ்சம். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கிற அந்த அரை வோல்ட் வித்தியாசம் நேராக ஸ்பீக்கரின் மேல் வந்து உட்காருகிறது. கொசு என்று நான் கேட்டது இரண்டு பூஜ்யங்களுக்கு நடுவே இருந்த வித்தியாசத்தை.

வயர் வாங்க அவன் கடைக்குப் போனான். அம்மா உள்ளே போய்விட்டார். கதவு திறந்த காரில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கிற வண்டிக்கு மண்ணோடு சம்பந்தமே கிடையாது. இருந்தும் அதற்குள் ஒன்றை எல்லோரும் எர்த் என்கிறார்கள். புவித்தொடுப்பு, தரை இணைப்பு என்று தமிழில் சொற்கள் இருக்கின்றன. ஒரு காருக்குள் அவற்றைச் சொல்லிப் பார்த்தால் பொய் பல்லிளிக்கிறது. எர்த் என்ற மெக்கானிக்கின் சொல்லில் அந்தப் பொய் இல்லை, ஏனென்றால் அவனுக்கு அதன் அர்த்தம் மண் அல்ல. எங்கிருந்து அளப்பது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு இடம், அவ்வளவுதான். அறுபதுகள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாட்டரியின் பாஸிட்டிவைத்தான் பாடியோடு இணைத்தார்கள். அப்போதும் அது எர்த்தான். உவமை கையில் வந்துவிட்டது. இப்படி ஒன்று கிடைத்தால் விடமாட்டோம் என்பதற்காகத்தான் எங்களுக்கு இலக்கியப் பட்டம் கொடுக்கிறார்கள்.

'மண்', 'மண் வாசனை' என்று நம் விமர்சனத்தில் ஒரு நாணயம் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. அதை நான் கல்லூரி நாட்களிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், தட்டிப் பார்க்காமல். ஏற்காட்டில் மண் வாசனை என்றால் என்ன? மார்ச்சில் ஊரெல்லாம் அடிப்பது காப்பிப்பூ வாசனை. காப்பி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அதற்கு நிழல் தருகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம். சரி, கல்லாவது இந்த ஊர்க் கல்லா? சேர்வராயன் மலையின் பாறைக்குப் புவியியலில் சார்னகைட் என்று பெயர். ஹாலண்ட் 1893இல் அந்தப் பெயரை வைத்தது கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்கிற கம்பெனிக்காரருடைய கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டு. மேலே இருந்த செம்மண்ணிலும் பாக்ஸைட் இருந்த இடங்களைப் பல வருஷம் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள். மண் வயராகப் போய்விட்டது. இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எழுதியதில் மண் இல்லை என்று சொன்னவன், சேலத்தில் ஒரு மேஜைக்கு முன்னால் இருந்தான். அவர் அளந்தது ஒரு பூஜ்யத்திலிருந்து, நான் அளந்தது இன்னொன்றிலிருந்து. நடுவே எழுந்த ஓசையைத்தான் மதிப்புரை என்று பிரசுரித்தேன்.

இப்படி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். மண் என்பது வெறும் ஒப்பந்தம், விமர்சனம் அந்த வார்த்தையை விட்டுவிடவேண்டும், இத்யாதி. கட்டுரை முக்கால்வாசி மனத்தில் தயாராகிவிட்டது.

அவன் திரும்பி வந்து செய்த வேலை எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது. ஸ்டீயரிங் தூணைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அதன் அடியில் எமரி பேப்பரால் பெயின்ட்டைத் தேய்த்தான். வெள்ளிக்காசு அகலத்துக்கு இரும்பு பளபளத்தது. "பெயின்ட்டு மேல எர்த்து அடிச்சா, அது எர்த்து இல்லண்ணா, நம்பிக்கை" என்றான். தடித்த கறுப்பு வயர், அதிகம் போனால் ஒரு முழம். முனையில் ஒரு வளையத்தை வைத்து நசுக்கினான். பல் வைத்த வாஷரைப் போட்டு போல்ட்டை முறுக்கிய பின் அதன் மேல் கொஞ்சம் வாஸலின் தடவினான், பனிக்கு. கதவுகளிலிருந்த நெகட்டிவ்களைப் பிடுங்கி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டாவது வயரை ஸ்டீரியோ வரை இழுத்தான். பாஸிட்டிவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ். ஏரியலைத் திரும்பச் செருகினான். இனி அது ஏரியல் வேலையை மட்டும் பார்க்கும். மறுபடி மீட்டர் வைத்தபோது 0.02.

எஞ்சினைக் கிளப்பினோம். அம்மா முன் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டார். காஸெட்டை முதலிலிருந்து சுற்றிப் போட்டேன்.

கொசு இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், எஞ்சின் மட்டும் உறுமியது. ஆனால் மௌனமும் இல்லை. அடியில் மெலிதாக ஒரு ரீங்காரம், எஞ்சினோடு ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில். இன்னும் எங்கோ எர்த் சரியில்லையோ என்று அவனைப் பார்த்தேன். அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். ரீங்காரம் அப்படியே இருந்தது. அது காரில் இல்லை, டேப்பில் இருக்கிறது: 50 சைக்கிள் மின்சாரமும் அதன் இரட்டிப்பான 100உம், அந்த டூ-இன்-ஒன்னின் வயிற்றிலிருந்து வந்தது. 1997இல் ஒரு ராத்திரி அந்தக் கூடத்தில் இருந்த மின்சாரம், 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில். அதைக் கழற்ற எந்த ஸ்க்ரூவும் கிடையாது, கழற்றவும் தோன்றவில்லை. எஞ்சினை மறுபடி கிளப்பி மேலே கேட்டோம்.

ஸார் நன்றாகப் படிக்கவில்லை. வரி முடிகிற இடத்தில் குரலை விழவிட்டார். சில கவிதைகள் காகிதத்தில் இருந்ததைவிடக் குறைந்து போயின. இரண்டு கவிதைகள் வளர்ந்தன. ஆறாவதோ ஏழாவதோ படிப்பதற்கு முன், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு யாருக்கோ தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். முதல் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தும் அந்த இடத்தில் பேச்சு இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இது நம்ம வீட்டு எர்த் குழி."

சிரிப்பு. பிறகு தூரத்தில், சமையலறையிலிருந்து போலும், ஒரு பெண் குரல்: "இன்னிக்கு ஊத்தினீங்களா?"

"படிச்சிட்டு ஊத்தறேன்."

மறுபடி சிரிப்பு. அதன் பிறகு அந்தக் கவிதை. பக்கெட், குழி, கரி, உப்பு, குழாய்.

அம்மா நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தைச் சுற்றி மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது கவிதை அல்ல.

எலெக்ட்ரீஷியன் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டான். பாறை நிலத்தில் எர்த் சுலபமாக நிற்காது. குழி வெட்டி, இரண்டரை மீட்டர் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஈரம் இருக்கிறவரை அது எர்த். காய்ந்தால் வெறும் குழாய். குழாயின் வாயில் புனல் வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மழைக்காலத்தில் வேண்டாம், மலையே ஊறிக்கிடக்கும். "மார்ச், ஏப்ரல்ல தினமும் ஊத்தணும்ணா. இல்லாட்டி ஃப்ரிட்ஜு, மோட்டாரு எதத் தொட்டாலும் சுருக்குனு அடிக்கும்" என்றான். நான் கைப்பிடியில் சுற்றியிருந்த துண்டை நினைத்துக்கொண்டேன். "காரு எர்த்து வேற, வீட்டு எர்த்து வேறண்ணா. இதுக்கு நெசமாவே மண்ணு வேணும்."

கார் எனக்குக் கொடுத்த சித்தாந்தத்தை வீடு இப்படிப் பிடுங்கிக்கொண்டது.

என் தரப்பில் ஒரு வாதம் பாக்கியிருந்தது. படைத்தவனின் நோக்கத்தைக் கொண்டு படைப்பை அளக்கக்கூடாது என்று விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதியதைப் படித்து வளர்ந்தவன் நான். காஸெட்டில் கவிஞர் பக்கவாட்டில் முணுமுணுத்தது கவிதையின் பகுதி அல்ல. புத்தகத்தில் அந்தக் கவிதைக்குத் தலைப்பு கிடையாது. எர்த் குழி என்று எங்கும் இல்லை. அப்படியென்றால் என் வாசிப்பு அந்தப் பிரதிக்கு நியாயமான வாசிப்புதானே? கீழே வருகிற பஸ்ஸில் இருபது வளைவுகளிலும் இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கிப் பல வருஷம் மல்லுக்கட்டியது எதற்காக? வார்த்தை வார்த்தையாகப் பார் என்பதற்காக. வார்த்தை வார்த்தையாகப் பார்த்தால் கவிதையில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. குழி இருக்கிறது, குழாய் இருக்கிறது, கரியும் உப்பும் இருக்கின்றன, தினமும் தண்ணீர் ஊற்றுகிற ஆள் இருக்கிறான். ஒரு சாதாரண எலெக்ட்ரீஷியன் முதல் வாசிப்பிலேயே கண்டுகொள்கிற பொருள்கள். அவை என்னவென்று தெரியாதபோது, எதற்குப் பயன்படுகின்றன என்று யாரையும் கேட்காமல், நேரே அவை எதைக் குறிக்கின்றன என்று கேட்டுவிட்டேன். எலியட்டைப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது ஸார் அல்ல. கவிதையில் மண் இல்லை என்பதற்கு நான் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது, ஒருவன் தன் வீட்டுக்கு மண் பிடித்து வைத்திருப்பதற்காகத் தினமும் செய்கிற வேலையை.

இதனால் அந்தக் கவிதை பெரிய கவிதையாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கடைசி மூன்று வரிகள் இன்றும் வேண்டாதவை. பக்கெட்டைக் கீழே வைத்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கவேண்டும். 1991 தொகுப்பில் பாதிக்கு மேல் தேறாது என்ற என் அபிப்பிராயத்திலும் மாற்றமில்லை. க.நா.சு. பட்டியல் போட்டால் இவர் அதில் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அதை எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்த மதிப்புரையில் மிகவும் நன்றாக இருந்த வாக்கியம் எதுவோ, அது தப்பு.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. குழி எங்கே என்று கேட்டேன். அம்மா வீட்டைச் சுற்றிப் பின்புறம் கூட்டிப்போனார். ஒரு பலாமரம், துவைக்கிற கல், அதற்கு அப்பால் உடைந்த சிமென்ட் மூடி ஒன்று. எலெக்ட்ரீஷியன் மூடியை நகர்த்தினான். உள்ளே குழாயின் வாய் வெளுத்துக் கிடந்தது, அதைச் சுற்றி வெடிப்பு விட்ட மண். "இது தண்ணி பாத்து நாளாச்சுங்கம்மா" என்றான். "அவர் போன வருஷம் நான் ஊத்தினேன். அப்புறம் முட்டி ஒத்துழைக்கலை" என்றார்.

பக்கெட் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்டீரியோ வேலைக்கு அவன் வயர் விலையோடு 450 ரூபாய் வாங்கிக்கொண்டான். இதற்கு ஒன்றும் வேண்டாமென்றான். குழாயடிக்கும் குழிக்குமாக நான் நடந்தேன். முதல் பக்கெட் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டாவது கொஞ்சம் நின்று குமிழிவிட்டு இறங்கியது. "இன்னும்" என்றார் அம்மா.